எந்திரம் ஓய்ந்த பின்னும் பாடும் வானொலி

மோட்டார் வண்டியைக் கொணர்ந்து வீட்டு வாசலில் நிறுத்துகின்றோம். திறப்பைத் திருகியவுடன் எந்திரத்தின் உறுமல் அடங்கிவிடுகின்றது. ஆயின் வானொலி மட்டும் நடந்தது ஏதும் அறியாததுபோலப் பாடிக்கொண்டேயிருக்கின்றது. கதவைத் திறக்கின்றோம்; அந்தக் கணமே பாட்டு நின்றுவிடுகின்றது. சில வண்டிகளின் இயல்பு இது. வேறு சிலவற்றிலோ திறப்பைத் திருகியதும் எல்லாம் ஒருங்கே ஓய்ந்துவிடும். இன்னுஞ் சிலவற்றிற் கதவைத் திறந்து, இறங்கி, பூட்டி, வீட்டுக்குள் வந்து கைகால் கழுவிய பின்னரும் வண்டியினுள்ளிருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

இம்மூன்றில் எது முறை, எது பழுது என்னும் வினா எம்மிடம் பல தடவை கேட்கப்பட்டுள்ளது. கல்லூரியிற் பௌதிகம் கற்பிப்போர்க்குக் கராச்சுத் தொழிலும் கைவந்திருக்கும் என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. அந்நம்பிக்கை முற்றும் பொருத்தமானதெனச் சொல்வதற்கில்லை. எனினும் இவ்வொரு வினாவுக்கு விடை கூறப் பௌதிகமே பெரும்பாலும் போதும். முதலிரண்டும் வண்டியைச் செய்தோர் எண்ணிச் செய்த ஏற்பாடுகள். மூன்றாவதே பழுது. ஏற்பாட்டையும் பழுதையும் பிரித்தறிய வேண்டுவோர் வானொலியை விட்டுக் கதவை நோக்கவேண்டும். அஃது எவ்வாறென்பதைப் பின்னர்ச் சொல்வோம். வானொலிக்கு உயிர் எங்கிருந்து வருகின்றது என்பது முதலில் தெளிவாகட்டும்.

வண்டியிலுள்ள யாவும் எந்திரத்தாலேயே இயங்குகின்றன என்று பலரும் எண்ணுகின்றனர். அதனாலேதான் எந்திரம் நின்றதும் வானொலியும் நிற்கவேண்டுமென எதிர்பார்க்கின்றனர். பெற்றோல் எரிந்து உண்டாகும் வலு சில்லுகளை உருட்டுகின்றது. அதில் ஒரு சிறு பங்கு, பட்டியொன்றின் வழியே மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகின்றது. மின்பிறப்பாக்கி பற்றரியை நிரப்புகின்றது. எந்திரம் ஓடும்வரை அடுப்பிலே உலை கொதித்துக்கொண்டிருக்கின்றது எனலாம். எந்திரம் நின்றபின் அடுப்பு அணைந்துவிடுகின்றது. ஆனாற் பானையிலே சோறு இருக்கின்றது. வானொலி உண்பது அந்தப் பானைச் சோற்றையே. ஆகவே, எந்திரம் நின்றபின் வானொலி ஏன் பாடுகின்றது என்று கேட்பதிலும், அதனை நிறுத்துவது யாருடைய வேலை என்று கேட்பதே பொருத்தமாகும்.

தொடக்க காலத்தில் அது சாரதியின் கைக்குரிய வேலையாகவே இருந்தது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் கல்வின் சகோதரர் நடாத்திய சிறு தொழிற்சாலையொன்று மோட்டார் வண்டிக்கென வானொலிப்பெட்டி ஒன்றைச் செய்தது. மூத்தவரான போல் கல்வின் அதனைத் தம் வண்டியிற் பூட்டிக்கொண்டு, அத்திலாந்திக் சிற்றி என்னும் நகரில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்குச் சென்றார். மண்டபத்தினுள் அவருக்கு இடமில்லை. வெளியே வண்டியை நிறுத்திவைத்துப் பாட்டைப் போட்டு, போவோர் வருவோரை அழைத்துக் கேட்கச் செய்தார். நிறுத்திவைத்த வண்டியிற் பாட்டுக் கேட்கும் வழக்கம் இவ்வாறு அக்கருவியோடு உடன்பிறந்ததாகவே தோன்றுகின்றது! அப்பெட்டிக்கு இட்ட பெயர் மோட்டறோலா. 1947இல் அந்நிறுவனமே அப்பெயரைத் தன் பெயராகப் பூண்டது.

அக்காலத்துப் பெட்டிகள் வால்வுப் பெட்டிகள். வால்வினுள்ளே இழையைச் சூடேற்றவேண்டும். அதற்கு மேலாக உயர்ந்த மின்னழுத்தமும் வேண்டும். வண்டியின் பற்றரியோ அந்நாளில் 6 வோல்ற்று மாத்திரமே தரும். முதலிலே தரைப்பலகைக்கு அடியில் வேறு மின்கலங்களை அடுக்கினர். பின்னர் அதிர்வி என்னுஞ் சிறு கருவி வந்து, பற்றரியின் 6 வோல்ற்றையே உயர்த்திக் கொடுத்தது. எவ்வாறாயினும் வால்வுப் பெட்டி பெருந்தீனி தின்னும் பெட்டியே. அணைக்க மறந்து சென்றவர் திரும்பி வந்து பார்க்கும்போது பற்றரி வெறும்பானையாகியிருக்கும். 1955இற் கிறைஸ்லர் நிறுவனமும் பில்கோ நிறுவனமும் சேர்ந்து, வால்வு ஒன்றேனும் இல்லாமல் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன வண்டி வானொலியை வெளியிட்டன. அதன்பின் வானொலியின் பசி குறைந்தது. மனிதரின் மறதி குறையவில்லை.

ஆகவே வானொலியை நிறுத்தும் வேலை திறப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. திறப்பைத் திருகியே எந்திரத்தைத் தொடக்கும் முறையைக் கிறைஸ்லர் வண்டிகள் 1949இற் கொண்டுவந்தன; அதற்கு முன்னர் அவ்வேலைக்கெனத் தனிப் பொத்தானோ மிதியோ இருந்தது. இன்றுந் திறப்புள்ள வண்டிகளிலே துவாரத்தைச் சுற்றி நான்கு நிலைகள் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பூட்டு நிலை ஒன்று. எந்திரம் ஓடும் நிலை ஒன்று. அதனைத் தொடக்கும் நிலை ஒன்று. பூட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையிலே ஏ.சி.சி. என மூன்றெழுத்துப் பொறித்த நிலை ஒன்றுண்டு. அதனைக் குளிரூட்டிக்குரியதென மயங்குவாருமுளர். துணைக்கருவி என்பதே அதன் பொருள். எந்திரத்தை எழுப்பாமல் வானொலி போன்ற சில கருவிகளுக்கு மாத்திரம் மின்னை விடுவதற்காக அந்நிலை அமைந்தது. ஜெர்மானியர் இதிலும் ஒரு நுட்பத்தைப் புகுத்தினர். வொக்ஸ்வாகன் வண்டிகள் பலவற்றிலே திறப்பைத் திருகி எந்திரத்தை நிறுத்தினாலும், அதனைத் துவாரத்திலிருந்து உருவி எடுக்கும்வரை வானொலி பாடும்.

இத்துணைக்கருவி நிலையைப் பற்றிய துன்பச் செய்தி ஒன்றையும் இவ்விடத்தே சொல்லவேண்டும். 2014இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 26 இலட்சம் சிறு வண்டிகளைத் திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தது. அவற்றின் திறப்பாளிக்குப் போதிய பிடி இருக்கவில்லை. கனத்த திறப்புக்கோவையின் பாரத்தாலோ, சாரதியின் முழங்கால் பட்டதாலோ, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலே திறப்பு ஓட்ட நிலையிலிருந்து துணைக்கருவி நிலைக்கு வழுவிவிடும். எந்திரம் நிற்கும், சுக்கானைத் திருப்புவதற்கு உதவும் வலு அற்றுப்போகும், மோதும்போது விரிந்து உயிரைக் காக்கவேண்டிய காற்றுப்பை விரியாது. நிறுவனம் ஏற்படுத்திய இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை இப்பழுதோடு தொடர்புடையனவாக ஏற்றுக்கொண்டது. வானொலிக்கு மின் உண்டு, காற்றுப்பைக்கு இல்லை என்னும் ஒரு நிலை, அது வேண்டப்படாத நேரத்தில் வந்து சேர்ந்ததன் விளைவு இது. வீட்டுத் திறப்பு, அலுமாரித் திறப்பு, கடைத் திறப்பு யாவற்றையும் வண்டித் திறப்போடு ஒரே வளையத்திற் கோத்துத் தொங்கவிடுவோர் நம்மிடையேயும் பலர்.

இனி, கதவுக்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் கடைப்பகுதியில் வண்டிகளினுள்ளே சிறு கணினிகள் குடிபுகுந்தன. கதவு, விளக்கு, யன்னல் ஆகியவற்றைக் கண்காணிப்பது அவற்றுள் ஒன்றின் பணி. அதனால், திறப்பைத் திருகுவது மின்னை நேரே அறுக்குஞ் செயலாக இராமல், கணினிக்கு அனுப்புஞ் செய்தியாக மாறிற்று. செய்தி கிடைத்தவுடன் வானொலியை நிறுத்தவேண்டுமென்ற கட்டாயம் கணினிக்கு இல்லை. அமெரிக்க நிறுவனங்கள் இதனைப் பயன்படுத்திக்கொண்டன. ஜெனரல் மோட்டோர்ஸ், போர்ட் வண்டிகள் பலவற்றில் எந்திரம் நின்றபின் ஏறக்குறைய 10 நிமிடம் வானொலிக்கும் யன்னலுக்கும் மின் தங்கி நிற்கும். அந்த 10 நிமிடத்துக்குள் முன்கதவு திறக்கப்பட்டால் வானொலி அப்போதே ஓயும். கதவு திறந்தமையைச் சாரதி இறங்கிவிட்டார் என்பதற்குச் சான்றாகக் கணினி கொள்கின்றது.

கடைக்குச் சென்ற மனைவியார் வரும்வரை காத்திருப்போர்க்கும், கிரிக்கெற் ஆட்டத்தின் கடைசி இரண்டு ஓவரைக் கேட்டு முடித்தே இறங்குவேன் என்று அமர்ந்திருப்போர்க்கும் இது வேண்டியதொரு வசதியே. இதனாற் பற்றரிக்கு வருஞ் செலவு எவ்வளவு? கணக்குப் பார்ப்போம். சிறிய வண்டியொன்றின் பற்றரி 45 அம்பியர்-மணி கொள்ளும் என்க. மிதமான ஓசையிற் பாடும் வானொலி 2 அம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்திலே செலவாவது ஓர் அம்பியர்-மணியில் மூன்றிலொரு பங்கு. பற்றரியின் இருப்பில் அது நூற்றிலொரு பங்குக்கும் குறைவு. ஆனால் அதே வானொலி இரவு முழுவதும் 10 மணி நேரம் பாடினால் 20 அம்பியர்-மணி போய்விடும். புதிய பற்றரி ஓரளவு தாங்கும். சில ஆண்டு உழைத்துக் கொள்ளளவு பாதியாய்க் குறைந்த பற்றரிக்கு அதுவே முழு இருப்புமாகும். எந்திரத்தை எழுப்புவதற்கு மோட்டார் ஒரு சில விநாடிகளுக்கு 100 அம்பியருக்கு மேலாகக் கேட்கும்; கொடுப்பதற்கு ஒன்றும் இராது. பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையாகி விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது இதனைக் கண்டறிவது பெருந்துன்பம். தவிர, ஈயப் பற்றரியை ஒருமுறை முற்றாக வெறுமையாக்கி அப்படியே விட்டால் அதன் தகடுகள் கெடத் தொடங்கும். பின்னர் எவ்வளவு நிரப்பினாலும் பழைய வலிமை திரும்பாது.

10 நிமிடம் என்னும் எல்லை பற்றரிக்காக வைக்கப்பட்டது. கதவு என்னும் எல்லைக்கு வேறொரு காரணமும் உண்டு. மின்னால் இயங்கும் யன்னல்கள் வந்த புதிதில், வண்டியிலே தனியே விடப்பட்ட பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி விளையாடும்போது முழங்காலோ கையோ ஆளியிற் பட்டு, கண்ணாடி எழுந்து கழுத்தை நெரித்த விபத்துக்கள் நிகழ்ந்தன. அமெரிக்காவின் மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதிகளுள் 118ஆம் எண்ணுடையது 1971இல் நடைமுறைக்கு வந்தது. திறப்பு அணைந்த நிலையில் இருக்கும்போது ஆளியைத் தொட்டு யன்னலை மூடமுடியாதவாறு வண்டியைச் செய்யவேண்டும் என்பது அதன் உட்கிடை. ஒரு சலுகையையும் அவ்விதி தருகின்றது: எந்திரத்தை நிறுத்தியதிலிருந்து முன்கதவொன்று திறக்கப்படும்வரை உள்ள இடைவேளையில் யன்னல் இயங்கலாம். பெரியவர் உள்ளே இருக்கின்றார் என்பதற்கு மூடிய முன்கதவு சான்று. அது திறந்தபின் அந்தச் சான்று இல்லை. வானொலியும் அதே கதவுக்குக் கட்டுப்பட்டு அடங்குவதைக் கேட்கும்போது, யன்னலுக்கும் அவ்வாறே மின் அறுந்தது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். ஆயின் இவ்வேற்பாடு திறப்பை அணைத்தோர்க்கே பயன்படும். பிள்ளை உறங்குகின்றது, பாட்டு ஓடட்டும் என்று திறப்பை உள்ளேயே விட்டு இறங்குவோரை எவ்விதியாலுங் காப்பாற்ற இயலாது. வெயிலில் நிற்கும் வண்டியினுள் ஏறுஞ் சூட்டை எண்ணினால், யன்னலைப் பற்றிய பேச்சுக்கே இடமின்றிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதே செய்யத்தக்கது.

நம் நாட்டுத் தெருக்களில் ஜப்பானிய வண்டிகளே மிகுதி. திறப்புள்ள ரொயோட்டா வண்டியில் திறப்பைப் பூட்டு நிலைக்குத் திருகியதும் வானொலி நின்றுவிடும். யன்னல் மட்டும் பல வண்டிகளில் ஏறக்குறைய 45 விநாடி இயங்கும், முன்கதவு திறந்தால் அதுவும் நிற்கும். ஆகவே இத்தகைய வண்டியில் திறப்பை எடுத்த பின்னும் வானொலி பாடினால் அது வசதி என்று வாளாவிருத்தல் ஆகாது.

பொத்தானை அழுத்தித் தொடக்கும் வண்டிகளின் கதை வேறு. எம்மிடம் வரும் முறையீடுகளிற் பெரும்பாலானவை இவற்றைப் பற்றியனவே. பழுதென்று சொல்லப்படுபவற்றுட் பல பழுதுமல்ல. தானாகக் கியர் மாறும் வண்டியை நிறுத்தும்போது, பி என்னும் தரிப்பு நிலைக்குக் கோலைத் தள்ளிய பின்னரே பொத்தானை அழுத்தவேண்டும். சமநிலையில் விட்டுக் கைத்தடுப்பை மாத்திரம் இழுத்துப் பொத்தானை அழுத்துவோர் உளர். அவ்வாறு செய்தால் ரொயோட்டா வண்டிகள் பலவற்றில் எந்திரம் நிற்கும், வண்டி அணையாது. அது துணைக்கருவி நிலைக்குப் போய் நிற்கும். வானொலி பாடும். பி நிலையிலிருந்தால், துணைக்கருவி நிலையில் 20 நிமிடத்துக்கு மேல் விடப்பட்ட வண்டி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். பி நிலையில் இல்லாவிடின் அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஓசையைக் குறைத்துவிட்டு இறங்கியவருக்கு வானொலி உயிரோடிருப்பது தெரியவும் மாட்டாது.

ஹைபிரிட் வண்டி வைத்திருப்போர் கூடுதலாக ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். வண்டியை ஓட்டும் பெரிய பற்றரியே வானொலிக்கும் உணவளிக்கும் என்று அவர்களுட் பலர் எண்ணுகின்றனர். துணைக்கருவி நிலையிற் பெரிய பற்றரி துண்டிக்கப்பட்டேயிருக்கும். வானொலி உண்பது மூலையில் ஒதுங்கியிருக்கும் சிறிய 12 வோல்ற்றுப் பற்றரியின் சோற்றையே. அச்சிறு பற்றரி வெறுமையானாற் கணினிகள் விழிக்கமாட்டா; பெரிய பற்றரி நிறைந்திருந்தும் வண்டி அசையாது. நெடுநேரம் வானொலி கேட்க விரும்புவோர், தட்டிலே றெடி என்னும் சொல் ஒளிரும் நிலையில் வைத்துக் கேட்பின் பெரிய பற்றரி சிறியதை நிரப்பிக்கொண்டிருக்கும். ஆனால் அந்நிலையில் எந்திரம் அமைதியாயிருப்பதைக் கண்டு வண்டி நின்றுவிட்டது என்று கொள்ளலாகாது. பெரிய பற்றரி குறையுந்தோறும் எந்திரம் தானே எழுந்து ஓடும், புகையும் வெளிவரும். ஆகவே மூடிய கொட்டகையினுள், அதுவும் வீட்டோடு ஒட்டிய கொட்டகையினுள், இவ்வாறு வானொலி கேட்டல் உயிருக்கு ஆபத்தானது. காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

மூன்றாவது வகையை, அஃதாவது கதவு திறந்த பின்னும் அடங்காத வானொலியை, இனி நோக்குவோம். மின் தங்கும் ஏற்பாடுள்ள வண்டியாயின் முதலிற் சாரதியின் கதவைத் திறந்து உள்விளக்கைப் பாருங்கள். மற்றைக் கதவுகளுக்கு எரியும் விளக்கு அக்கதவுக்கு எரியவில்லையெனின், கதவு திறந்த செய்தி கணினிக்குப் போகவில்லை. தூணிலுள்ள குமிழாளியோ, கதவின் கொண்டியினுள்ளே இருக்கும் ஆளியோ துருப்பிடித்து அல்லது அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புக் காற்றடிக்குங் கரையோர ஊர்களில் இது வியப்பன்று. இப்பழுதினால் வானொலி 10 நிமிடம் வரை பாடிப் பின் ஓய்ந்துவிடும். அதற்கு மேலும் பாடினால், மின்னை விடும் றிலேயோ தேய்ந்த திறப்பாளியோ காரணமாகலாம்.

பின்னர் வாங்கிப் பூட்டிய வானொலியாயின், இவற்றையெல்லாம் ஆராயுமுன் அதன் பின்னாலுள்ள இரண்டு கம்பிகளைப் பற்றி விசாரித்தல் நன்று. வழக்கமாக மஞ்சட்கம்பி எந்நேரமும் பற்றரியோடு தொடுக்கப்பட்டிருக்கும். மணிக்கூட்டையும் தெரிந்துவைத்த நிலையங்களையும் அது நினைவில் வைத்திருக்கும். அதற்கு வேண்டிய மின் மிகச் சொற்பம். சிவப்புக்கம்பி திறப்பின் வழியே வருவது. வானொலியை எழுப்பவும் உறங்கச் செய்யவும் வல்லது அதுவே. பூட்டும்போது திறப்பின் கம்பியைத் தேடும் வேலையை மிச்சம்பிடிக்க இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பற்றரியோடு தொடுத்துவிடும் வழக்கம் உண்டு. அதன்பின் அவ்வானொலிக்குத் திறப்பும் ஒன்றே, கதவும் ஒன்றே. கையால் அணைத்தால் ஒழிய அது அணையாது. சிவப்புக்கம்பியைப் பிரித்துத் துணைக்கருவி நிலையில் மாத்திரம் மின் வரும் இடத்திலே தொடுத்தால் விடயம் முடிந்தது.

இவையெல்லாம் சரியாயிருந்தும் காலையிற் பற்றரி இறங்கியே கிடக்குமாயின், மின்னோட்டத்தை அளந்து பார்க்கும்படி திருத்துநரிடங் கேளுங்கள். பற்றரியின் எதிர்முனையிலிருந்து கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே அம்பியர்மானியைத் தொடுப்பார். வண்டியிலுள்ள யாவற்றையும் அணைத்துக் கதவுகளையும் மூடி, கணினிகள் உறங்கும்வரை அரைமணி நேரமேனும் பொறுத்திருக்கவேண்டும். உடனே பார்த்தால் மானி அதிகமாகவே காட்டி ஏமாற்றும். உறங்கிய வண்டி இழுப்பது 50 மில்லியம்பியர் வரையெனின் குறையில்லை. அதற்கு மிகவும் மேற்பட்டால் பியூசுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். எதனைக் கழற்றும்போது மானியின் முள் விழுகின்றதோ, அதற்குரிய கருவியே இரவில் விழித்திருப்பது. சோதனை நடக்கும்போது எவரும் எந்திரத்தைத் தொடக்க முயலாதிருக்கட்டும். 100 அம்பியரைத் தாங்கும் வலிமை அந்தச் சிறு மானிக்கு இல்லை.